எழுதாத இரண்டாவது கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் மன்னிப்புக் கடிதம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பாய். அவசரப்படாதே. போன மாதம் நீ தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னதை அவள் ஒரு சொல்லும் விடாமல் என்னிடம் ஒப்புவித்தாள். உன் மாப்பிள்ளை துவானின் தகப்பனாரிடம் நான் என் வாயால் மன்னிப்புக் கேட்கவேண்டும், கேட்காவிட்டால் உன் கலியாணத்துக்கு வரத் தேவையில்லை என்றாயாம். சொல்லிவிட்டு வெங்காயம் உரித்தபடியே, "நீங்கள் வந்தாலும் சரி, வராட்டிலும் சரி, நான் போவன். பிளேன் ரிக்கெற் போட்டாச்சு" என்றாள் உன் அம்மா. எனக்கு இரண்டாவது ரிக்கெற் போடவில்லை. அதையும் சொன்னாள். இந்த வீட்டில் என்னிடம் கேட்காமல் நடந்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். அல்லது இதற்கு முன் நடந்தவை எனக்குத் தெரியவில்லையோ என்னவோ.

நீ கோபமாக இருக்கிறாய். நானும் கோபமாகத்தான் இருந்தேன். அந்த மனிதருக்கு மூன்று பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, வியட்நாம் யுத்தத்தைப் பற்றி நான் சொன்னதில் எதுவும் பிழையில்லை என்று புத்தகப் பக்க எண்களோடு நிறுவியிருந்தேன். அதைத் தபாலில் போடவில்லை. போடாததற்குக் காரணம் பண்பு என்று நினைத்துவிடாதே. அவருடைய விலாசம் உன்னிடம்தான் இருந்தது.

அந்தச் சாப்பாட்டு நாளை நீ உன் பக்கமிருந்து பார்த்திருக்கிறாய். என் பக்கமிருந்து ஒருமுறை சொல்கிறேன், கேள். துவானின் தாயும் தகப்பனும் கலிபோர்னியாவிலிருந்து வந்து, லண்டனில் நம் குட்மேய்ஸ் வீட்டுக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தபோது எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது. அம்மா நண்டுக் கறியும் இடியப்பமும் வைத்தாள். அவர் கரண்டியை ஒதுக்கிவிட்டு நம்மைப்போலவே கையால் சாப்பிட்டார். இப்படி ஒரு சம்பந்தியா என்று மனம் நிறைந்துதான் நான் உலகப் படப் புத்தகத்தை எடுத்துவந்து மேசையில் விரித்தேன். பதினைந்து வருஷமாக நான் அமெரிக்க வரலாறு படிக்கிறேன். அமெரிக்காவோடு தோளோடு தோள் நின்று சண்டை பிடித்த ஒருவர் என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். கதைக்காமல் எப்படி இருப்பேன்? தெற்கு வியட்நாம் ஏன் விழுந்தது என்று அவருக்கு விளக்கினேன். ஓம், அங்கே சண்டை பிடித்து, ஆறு வருஷம் கைதி முகாமில் கிடந்து, வள்ளத்தில் தப்பிய மனிதருக்கு நான் விளக்கினேன். துவான் என்னை நிறுத்தப் பார்த்தான். அவன் தகப்பனார் அவன் கையைத் தொட்டு, சொல்லட்டும் என்பதுபோலத் தலையாட்டினார்.

அப்போது நீ உன் சித்தப்பாவின் கதையைச் சொன்னாய். நல்ல மனதோடுதான் சொன்னாய். எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது, வெளியேற வழி இருந்தும், என் மண்ணை விட்டு வரமாட்டேன் என்று நின்று, சந்தையில் விழுந்த ஷெல்லில் செத்துப்போன சித்தப்பா. எத்தனையோ பேரிடம் நீ அதைச் சொல்லியிருக்கிறாய். கல்லூரியில் கட்டுரையாகவும் எழுதினாய். துவானின் தகப்பனார் கையை இலேசாகத் துடைத்துவிட்டு, தன் குடும்பமும் நின்றதுதான், ஆனால் மண்ணுக்காக இல்லை என்றார். தன் அண்ணன் நிறையப் படித்தவன் என்றும், அமெரிக்கர்கள் ஒருநாளும் போகமாட்டார்கள் என்று அவன் சொன்னதை நம்பி, கடைசி விமானமும் போகும்வரை இருந்தோம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, வெறும் விசாரிப்பாகத்தான், "உங்கள் தம்பியிடமும் யாராவது நில் என்று சொன்னார்களா?" என்று கேட்டார்.

நான் சொன்னது உனக்குத் தெரியும். இந்தத் தாளில் அதை நானே எழுதவேண்டும். "நீங்கள் தோற்று ஓடிவந்த ஆட்கள். ஓடிவந்தவனுக்கு வரலாறு தெரியாது" என்றேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். எழுந்து கை கழுவினார். சமையல் மிக நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மனைவியோடு வெளியே போனார். நீ அவர்களுக்குப் பின்னால் போகுமுன் வாசலில் நின்று, "அப்பா, நீங்களும் ஓடித்தானே வந்தனீங்கள்" என்றாய். உன் பேச்சுக்குப் பதில் இல்லாமல் நான் நின்றது அது இரண்டாவது தடவை.

முதல் தடவை உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. உனக்குப் பதினாலு வயது. நான் டகன்ஹாமில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்து இல்ஃபோர்ட் நூல்நிலையத்தில் போய்க் குந்துவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தவன் நான். இந்த ஊருக்கு வந்து, அகராதியைத் தொடையில் வைத்துக்கொண்டு, அமெரிக்காவின் வரலாற்றை முதல் பாகத்திலிருந்து படித்தேன். ஏன் அமெரிக்கா என்று நீ கேட்டதில்லை, வேறு பலர் கேட்டார்கள். வெள்ளைக்காரனிடம் அடிமைப்பட்டிருந்து, அவனையே அடித்துக் கலைத்து, பிறகு அவனைவிடப் பெரிய ஆளான நாடு அது ஒன்றுதான். அந்த முதல் யுத்தமும், அடிமைகளை விடுவித்த ஜனாதிபதியின் உள்நாட்டு யுத்தமும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே உலக யுத்தத்தை நடத்தியவரின் கதையும் எனக்கு நம் வீட்டுக் கதைபோல ஆகிவிட்டன. எல்லாரையும்விட, முதலாம் உலக யுத்தம் முடிகிற நேரத்தில் சிறிய இனங்களுக்கும் தங்களைத் தாங்களே ஆள உரிமை உண்டு என்று பேசிய ஜனாதிபதியை நான் கும்பிடாத குறை. அவருடைய பேச்சைக் கையால் ஒரு கொப்பி முழுக்க எழுதிவைத்தேன். பிறகு வெள்ளை மாளிகைக்கு, இலங்கையில் நம் சனங்கள் படுகிற கஷ்டத்தை விளக்கி மாதம் ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன்.

ஒருநாள் பதில் வந்தது. தடித்த அட்டையில் நன்றி என்று நாலு வரி, கீழே ஜனாதிபதியின் கையொப்பம். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். நீ அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். பிறகு விரலை நாக்கில் தொட்டு, கையொப்பத்தின்மேல் தேய்த்தாய். மை கரையவில்லை. "அப்பா, இது அச்சு" என்றாய், அவ்வளவுதான். நான் உன்னோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. உன் விரலில் பிழையில்லை. பன்னிரண்டு வருஷம் பிந்தி இதைச் சொல்கிறேன். எது உனக்குப் பெருமையாக இருக்கிறதோ அதை முதலில் நனைத்துத் தேய்த்துப் பார், பிள்ளை. நீ அப்படிச் செய்கிறவள்தான். கலியாணத்துக்குப் பிறகும் அதை விட்டுவிடாதே.

என்னை ஆட்கள் பகிடி பண்ணினார்கள். ரெய்னர்ஸ் லேனில் இருந்த ஒரு டொக்டர், கூட்டத்துக்கு நடுவே, "அண்ணை, வெள்ளை மாளிகையிலை உங்களுக்கு ஒரு அறை ஒதுக்கிப் போட்டினமோ?" என்று கேட்பார். என் ஆங்கில உச்சரிப்பைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவார். பட்டம் பெற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். ஊரில் ஒரு சம்பவம் நடந்தால் அந்தப் பட்டதாரிகளை யாரும் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டார்கள். அமெரிக்கா என்ன செய்யும் அண்ணை என்று கேட்டார்கள். நான் சொல்வேன்: திருகோணமலைத் துறைமுகம். ஆழமான இயற்கைத் துறைமுகம் அது. இந்து சமுத்திரத்தில் கப்பற்படை வைத்திருக்கிற எந்த நாடும் அதில் ஒரு கண் வைத்திருக்கும். அந்தக் கண் ஒருநாள் எங்கள் பக்கம் திரும்பும். துறைமுகத்தைப் பற்றி நான் சொன்னதில் இன்றைக்கும் பிழையில்லை. இதை நீ ஒப்புக்கொள்ளவேண்டும் என்று கேட்கவில்லை.

பிறகு குவைத் யுத்தம் வந்தது. தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். சின்னஞ்சிறு நாடு ஒன்றை அயல்நாடு விழுங்கியது. அமெரிக்கா கடல் கடந்து இலட்சக்கணக்கில் படையைக் கொண்டுவந்து இறக்கி அதை மீட்டுக் கொடுத்தது. நான் சொன்னது நடந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. கடையில் சாமான் வாங்கப் போனால், "அடுத்தது ஆர் அண்ணை?" என்று கேட்டார்கள். நாங்கள்தான் என்றேன். அந்த நேரத்தில்தான் உன் சித்தப்பாவின் கடிதம் வந்தது. அவனுக்கும் சித்திக்கும் பிள்ளைக்கும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற இயக்கத்தின் அனுமதிப் பாஸ் கிடைத்திருந்தது. கொழும்பில், வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கிற ஏஜென்ற் ஆளும் தயார். அவன் கேட்டது ஒரேயொரு கேள்வி. "அண்ணை, வெளிக்கிடவோ, நிக்கவோ? நீங்கள் சொல்லுறபடி."

நான் ஆறு பக்கம் எழுதினேன். கொரியாவிலிருந்து குவைத் வரைக்கும் எழுதினேன். வீட்டை விட்டு வராதே, ஒரு வருஷம் பொறு, அதற்குள் நிலைமை மாறிவிடும் என்று முடித்தேன். கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். யாழ்ப்பாணக் கடல் ஏரியைத் தாண்டி அது அவன் கைக்குப் போய்ச் சேர எத்தனை நாளானதோ, சேர்ந்தது. அவன் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். உன் சித்தப்பா மண்ணுக்காக நிற்கவில்லை, பிள்ளை. அண்ணன் சொன்னபடி நின்றான். எங்கள் குடும்பத்தில் அப்பா செத்த நாளிலிருந்து அவன் என் பேச்சை மீறி உடுக்க ஒரு சேட்டுக்கூட வாங்கியதில்லை.

இவ்வளவும் அறியாமல் செய்த பிழை என்று நீ எனக்காக ஒரு நியாயம் கண்டுபிடிப்பாய். கண்டுபிடிக்காதே. இதுவரை யாருக்கும் சொல்லாதது இனித்தான் இருக்கிறது. என் கடிதம் போய்ச் சில கிழமையில், அதே தொலைக்காட்சியில், அதே கதிரையில் இருந்து குர்திய சனங்களைப் பார்த்தேன். ஈராக்கில் சனங்கள் எழும்பவேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி பேசியிருந்தார். அவர்கள் எழும்பினார்கள். ஈராக் படை அவர்களை அடித்து மலைக்குக் கலைத்தபோது அமெரிக்கப் படை சண்டையை முடித்துக்கொண்டு நின்றது. குளிரில், சேற்றில், பிள்ளைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஏறிப்போனார்கள். ஒரு தாய் கமராவைத் திரும்பியும் பார்க்காமல் நடந்து போனாள். பிறகு விமானத்திலிருந்து சாப்பாட்டுப் பொதி போட்டார்கள், அது பிறகு. நான் அன்றைக்கே விளங்கிக்கொண்டேன். அமெரிக்கா வரும், தனக்குத் தேவையென்றால் வரும், தேவை முடிந்ததும் போகும். அது எந்த நாட்டுக்கும் உரிய இயல்பு. அவர்களுடைய முதல் ஜனாதிபதியே பதவி விட்டுப் போகும்போது, அந்நிய நாடுகளோடு நிரந்தரக் கூட்டு வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர். நான் அதைப் படித்திருக்கிறேன். சிறிய இனங்களைப் பற்றிப் பேசிய ஜனாதிபதி பாரிசுக்கு வந்தபோது, ஒரு வியட்நாமிய இளைஞன் தன் நாட்டுக்காக விண்ணப்பம் கொண்டுபோனான், அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அதையும் படித்திருக்கிறேன். எனக்குப் பிடித்த வரிகளுக்குச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன், பிடிக்காத பக்கத்தைத் திருப்பினேன். தனியாகப் படிக்கிறவனுக்கு இது ஒரு வசதி. பரீட்சை வைக்க யாரும் இல்லை.

அன்றைக்கே நான் இரண்டாவது கடிதம் எழுதியிருக்கவேண்டும். ஆறு பக்கம் தேவையில்லை. நான் சொன்னது பிழை, உடனே வெளிக்கிடு என்று ஒரு வரி போதும். ஏஜென்ற் ஆள் இன்னும் கொழும்பில் இருந்தான். யாழ்ப்பாணம் போகிற ஆட்கள் இருந்தார்கள். நான் தாளை எடுத்தேன். தம்பிக்கு என்று எழுதினேன். அடுத்த சொல் வரவில்லை. நான் பிழை என்று அவனுக்கு நான் ஒருநாளும் எழுதியதில்லை. கொஞ்சம் பார்ப்போம், நிலைமை மாறலாம் என்று தாளை மடித்து வைத்தேன். கடையில் யாராவது கேட்டால் முந்தியதைவிடச் சத்தமாகச் சொன்னேன். அப்படி இரண்டு வருஷம் போனது. ஒரு காலை அவன் சந்தைக்குப் போனான்.

லூயிஷாமில் கோயில் மண்டபத்தில் அவனுக்குக் கிரியை செய்து சாப்பாடு கொடுத்தபோது, வழி இருந்தும் ஏன் அவர் வெளிக்கிடவில்லை என்று ஆட்கள் கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. "அவன் பிடிவாதக்காரன். ஊரை விட்டு வரமாட்டன் எண்டு நிண்டவன்" என்றேன். எல்லோரும் தலையைத் தாழ்த்தினார்கள். அந்த டொக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நீ எனக்குப் பக்கத்தில் நின்றாய். உன் முகத்தில் அப்போது ஒரு பெருமை வந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அந்தப் பொய்யை உனக்கே தந்துவிட்டேன். ஐந்து வருஷமாக நீ அதை எடுத்துக்கொண்டு திரிகிறாய். அன்றைக்கு என் மேசையில், நண்டுக் கறிக்கு முன்னால், ஒன்றும் தெரியாத ஒரு மனிதர் அதைத் தொட்டார். நான் அவரைக் கடித்தேன்.

இந்தக் கடிதத்தைத் தொடங்குமுன் போன ஞாயிறு சித்தி வீட்டுக்குப் போனேன். அவள் பிள்ளையோடு லூயிஷாமுக்கு வந்து மூன்று வருஷமாகிறது. அந்த மூன்று வருஷத்தில் நான் பிடிவாதக்காரன் கதையை அவள் காதுபட எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். என் முதல் கடிதத்தை அவள் அறிவாள் என்பதும் எனக்குத் தெரியும். ஒருமுறைகூட அவள் என்னை மறித்ததில்லை. தேத்தண்ணி தந்துவிட்டு எதிரே இருந்தாள். நான் குர்திய சனங்களிலிருந்து தொடங்கி, மடித்து வைத்த தாள்வரை சொன்னேன்.

"முதல் கடிதத்துக்கு நான் உங்களோடை கோவிக்கேல்லை, அத்தான்" என்றாள். "அப்ப எல்லாரும் அப்பிடித்தான் கதைச்சவை. இவர் எனக்கு இரண்டு தரம் வாசிச்சுக் காட்டினவர். அண்ணை எவ்வளவு படிச்சிட்டார் பார் எண்டு சந்தோஷப்பட்டவர். இது வேறை." பிறகு, "இப்ப ஏன் சொல்லுறியள்? பிள்ளையின்ரை கலியாணத்துக்குப் போகவேணும் எண்டோ?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் நான் போட்டுவைத்திருந்த திட்டம் அதுதான். கலிபோர்னியாவுக்கு வந்து துவானின் தகப்பனாரிடம் என் தம்பியின் கதையைச் சொல்வேன், அவர் அண்ணனைப்போல நானும் ஒரு அண்ணன் என்று சொல்வேன், அவருக்கு விளங்கும், என் தோளைத் தொடுவார் என்று நினைத்திருந்தேன். என்ன ஆங்கிலச் சொற்கள் பாவிப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். சித்தி அதை என் முகத்தில் வாசித்துவிட்டாள்.

"பிள்ளைக்கு எழுதுங்கோ. அவள் தன்ரை சித்தப்பாவைப் பற்றிப் பிழையாச் சொல்லிக்கொண்டு திரியக்கூடாது. ஆனால் அந்த மனிசனிட்டைப் போய் இவரின்ரை சாவைச் சொல்லி மன்னிப்பு வாங்காதேங்கோ. அது உங்கடை சாமான் இல்லை." பிறகு என் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். நான் போகிறேன் என்றபோது உள்ளே இருந்தபடியே ஓம் என்றாள். வாசலுக்கு வரவில்லை. என்னை மன்னித்தாளா என்று நீ கேட்பாய். நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை என்று முதன்முறையாக எனக்கு விளங்கியது.

ஆகவே வருகிறேன். இன்று காலை அம்மாவிடம் சொல்லி எனக்கும் ரிக்கெற் போடச் சொல்லிவிட்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை, பாஸ்போட் எங்கே என்று மட்டும் கேட்டாள். நீ சொன்னபடி, அவருக்கு முன்னால் நின்று என் வாயால் கேட்பேன். என் வீட்டுக்கு வந்து என் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த உங்களிடம் கேவலமாகப் பேசினேன், அது பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். அதற்குமேல் ஒரு சொல் சொல்லமாட்டேன். வியட்நாமும் இல்லை, குவைத்தும் இல்லை, துறைமுகமும் இல்லை. என் வாழ்நாளில் நியாயம் சொல்லாமல் நான் பேசிய பேச்சே கிடையாது, உனக்குத் தெரியும். அவர் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கலாம். கேட்டால் பேசாமல் நிற்பேன். உன் அப்பா ஒரு முரட்டு மனிதன், நல்ல மனிதர்களை மேசையில் வைத்து அவமதிக்கிறவன் என்று அவர் நினைத்துக்கொள்வார். நினைக்கட்டும். நீ பக்கத்தில் நிற்பாய். உனக்குக் காரணம் தெரிந்திருக்கும். எனக்காக அதை எடுத்துச் சொல்லிவிடாதே, பிள்ளை.

அப்பா